விலைப்பட்ட உயிர்கள்

தியாகராய நகரிலே மாலைப்பொழுதில் உலாவச் செல்வோர், துணிக்கடைகளின் ஒளியையும் பாத்திரக்கடைகளின் ஓசையையும் கடந்து போகுங்கால், எங்கேனும் ஓரிடத்தில் ஒரு கண்ணாடிக்கு முன் சிறுவர் சிறுமியர் கூட்டமாய் நின்று மூக்கை அதன்மேல் அழுத்திக்கொண்டிருப்பதைக் காண்பர். கண்ணாடிக்கு அப்பால், காகிதத் துணுக்குகளின்மேல், இரண்டு மூன்று நாய்க்குட்டிகள் ஒன்றன்மேலொன்று தலைசாய்த்துக் கிடக்கும். ஒரு பையன் கண்ணாடியைத் தட்டுவான், குட்டி கண்விழிக்கும், கூட்டம் நகைக்கும். அடுத்த பையனும் தட்டுவான். கடை திறந்தது முதல் இரவு விளக்கணைக்கும் வரையில் இத்தட்டுதல் ஓயாது. பிறந்து ஆறேழு வாரமே ஆன நாய்க்குட்டி, ஒரு நாளில் ஏறத்தாழ 18 மணி நேரம் உறங்கவேண்டுவது. தட்டுகின்ற பிள்ளைகளுள் ஒருவனும் கொடியவனல்லன். யாவரும் அன்பினாலேயே தட்டுகின்றனர். இப்பொருளை எடுத்துரைப்பதிலுள்ள சங்கடமும் அதுவே.

வீட்டில் வளர்க்கும் பிராணிகளைக் கடைவைத்து விற்கும் வாணிகம் நம் நகருக்குப் புதியதன்று. சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே 1900ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மூர் மார்க்கெட்டில், பழைய புத்தகங்களோடும் கிராமபோன் தட்டுகளோடும் பறவைகளும் முயல்களும் நாய்க்குட்டிகளும் விலைக்குக் கிடைத்தன என்பதை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அச்செங்கற் கட்டடம் 1985 மே 30ஆம் நாள் தீக்கிரையாயிற்று. வாணிகமோ எரிந்துபோகவில்லை. பிராட்வேப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையாயும், கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளாயும், தென்சென்னையிலே குளிரூட்டப்பெற்ற பெரிய கடைகளாயும் அது பல கிளைவிட்டது. மால் எனப்படும் பேரங்காடிகளிலும் இன்று அதற்கோர் இடமுண்டு. பழைய சந்தைக்கும் இன்றைய கண்ணாடிக் கடைக்கும் ஒரு வேற்றுமை உளது. சந்தையின் கூண்டிலே துன்பம் கண்ணுக்குப் புலப்பட்டது, மூக்குக்கும் புலப்பட்டது. புதிய கடையில் நறுமணம் தெளிக்கப்பட்டிருக்கிறது. சுவரிலே சிரிக்கும் நாயின் படம் மாட்டப்பட்டிருக்கிறது. வாங்குவோர் மனம் அமைதியடைகிறது. உள்ளே இருக்கும் உயிரின் நிலை எவ்வளவு மாறிற்று என்பதே நாம் ஆராயவேண்டுவது.

எங்கள் வீட்டில் நிகழ்ந்ததைக் கூறினால் இது விளங்கும். மந்தைவெளியில் வசிக்கும் எங்களுக்கு நாய் வளர்த்துப் பழக்கமில்லை. என் தங்கை பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றமைக்குப் பரிசாக ஒரு நாய்க்குட்டி கேட்டாள். என் தந்தையார், தெருவிலே விற்கும் குட்டி நோயுற்றிருக்கக்கூடும் என்று அஞ்சி, பெரிய கடையொன்றுக்கு அவளை அழைத்துச் சென்று, 14,000 ரூபாய் கொடுத்து லாப்ரடார் குட்டியொன்றை வாங்கிவந்தார். குட்டிக்கு 45 நாள் ஆயிற்றென்றார்கள். தடுப்பூசி ஒன்று போடப்பட்டதற்கு அட்டையும் தந்தார்கள். தங்கை அதற்கு மணி என்று பெயரிட்டாள். மூன்று நாள் அது வீடெங்கும் ஓடி விளையாடிற்று. நான்காம் நாள் உணவைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் வாந்தியும், இரத்தங்கலந்த கழிச்சலும் கண்டன. 1903ஆம் ஆண்டு முதல் வேப்பேரியில் நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அதனை எடுத்துச் சென்றோம். நரம்பிலே நீர் ஏற்றினார்கள். ஏழாம் நாள் விடியுமுன் அது இறந்தது.

அங்கிருந்த மருத்துவர் கூறிய விளக்கம் எனக்கு அன்று புதிதாயிருந்தது. ஆதலின் அதனைச் சிறிது விரித்துரைக்கின்றேன். நோயின் பெயர் பார்வோ. இது ஒரு நுண்கிருமியால் வருவது. 1978ஆம் ஆண்டையொட்டி உலகின் பல நாடுகளில் நாய்களிடையே திடீரெனப் பரவிற்று; அதற்குமுன் நாய்களுக்கு இந்நோய் இருந்ததாகத் தெரியவில்லை. கிருமி உடலிற் புகுந்தபின் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் வரையில், சிலபோது இரண்டு வாரம் வரையில், வெளிக்குறி ஒன்றுங் காட்டாது. அதன்பின்னரே குடலைத் தாக்கித் தன் உருவைக் காட்டும். சிகிச்சை பெறாத குட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை இறக்கும். நோயுற்ற நாயின் மலத்தில் வெளிப்படும் இக்கிருமி, தரையிலும் கூண்டிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்க வல்லது. வெறும் நீரிட்டுக் கழுவுவதற்கு அது அழியாது, பிளீச்சிங் மருந்தே வேண்டும்.

இவ்விரண்டு இயல்புகளையும் இணைத்து நோக்கின் கடையின் குற்றம் எங்கே மறைந்துகிடக்கிறது என்பது புலனாகும். வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு தாய்க்குப் பிறந்த குட்டிகள் ஒரே வண்டியில் வந்து, ஒரே அறையில் அடுத்தடுத்த பெட்டிகளில் வைக்கப்படுகின்றன. ஒரே பையன் ஒரே துணியால் எல்லாப் பெட்டிகளையும் துடைக்கிறான். வருவோரெல்லாம் ஒரு குட்டியைத் தூக்கிய கையாலேயே மற்றொன்றையும் தூக்குகின்றனர். ஒன்றுக்கு நோயிருப்பின் அனைத்துக்கும் அது சென்று சேரும். ஆயினும், குட்டி விலையாகும் நாளில் துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும். துன்பம் வாங்கினவர் வீட்டிலேதான் வெளிப்படும். கடைக்காரர் கண்முன்னர் ஒன்றும் நிகழ்வதில்லையாதலின், அவர் மனத்தை அது உறுத்துவதுமில்லை.

தடுப்பூசி அட்டையிருந்ததே எனின், அதற்கும் விடையுண்டு. பிறந்த குட்டிக்கு நோயெதிர்ப்பு, தாயின் முதற்பாலின் வழியே வருகிறது. அவ்வெதிர்ப்பு உடலில் வலுவாயிருக்கும்வரையில் தடுப்பூசியின் பயனை அதுவே கெடுத்துவிடும். தேய்ந்தபின்னரே ஊசி வேலைசெய்யும். எந்தக் குட்டிக்கு எப்பொழுது தேயும் என்பதைப் பார்த்துச் சொல்லுதல் அரிது. ஆறாம் வாரத்துக்கும் பதினாறாம் வாரத்துக்கும் இடையில் எப்பொழுதேனும் நேரலாம். ஆகவேதான் மூன்று நான்கு வார இடைவெளி விட்டு, பதினாறாம் வாரம் வரையில் பலமுறை ஊசி போடுகின்றனர். தாயின் காப்புத் தேய்ந்து, ஊசியின் காப்பு நிலைபெறாத அந்த இடைக்காலந்தான் குட்டியின் வாழ்வில் மிக்க அபாயமான காலம். அக்காலத்திலேதான் நாம் அதனைத் தாயினின்றும் பிரித்து, பல ஊர் நாய்களோடு கலந்து, நூறு பேர் கையில் கொடுத்து, கடைவீதியில் வைக்கின்றோம்.

45 நாள் என்னுங் கணக்கையும் இங்கே குறிப்பிடவேண்டும். நாய்க்குட்டியை 45ஆம் நாளில் தாயைவிட்டுப் பிரிக்கலாமென்பது சென்னை வாணிகத்தில் ஊறிப்போன வழக்கம். விற்பவரும் கூறுவர், வாங்குபவரும் அதனையே கேட்பர். 2017ஆம் ஆண்டில் மத்திய அரசினர் வெளியிட்ட நாய் இனப்பெருக்க விற்பனை விதிகளோ, எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றலாகாது என்கின்றன. எட்டு வாரம் என்பது 56 நாள். இடையிலுள்ள 11 நாள் சிறிதென்று தோன்றும். ஆனால், உடன்பிறந்தாரோடு கடித்து விளையாடுங்கால், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது இந்த நாட்களிலேதான். அவற்றை இழந்த குட்டி பெரிதாகிக் கையைக் கடிக்குமாயின், கெட்ட நாய் என்று பெயர் பெறும். சிலபோது வேளச்சேரிச் சாலையோரத்திலோ கடற்கரையிலோ கொண்டுபோய் விடப்படும். விற்பவருக்கு அந்த 11 நாளின் இலாபம் வேறு. குட்டி சிறிதாயிருக்கும்வரையில் விலை மிகுதி. வளர வளர விலை இறங்கும். தீனிச் செலவோ ஏறும்.

மணி இறந்த அன்று என் தந்தையார் அந்தக் கடைக்குத் தொலைபேசியிற் செய்தி சொன்னார். சண்டையிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். மறுமுனையிற் பேசியவர் மிக்க மரியாதையுடன், “பத்து நாளைக்குள் போய்விட்டபடியால் வேறு குட்டி மாற்றித் தருகிறோம், சார், பில்லை மட்டும் மறவாமல் கொண்டுவாருங்கள்” என்றார். அவர் கூறியதில் வஞ்சனை ஒன்றுமில்லை. அளவு பொருந்தாத சட்டையை மாற்றித் தருவது போன்ற நேர்மையே அது. தந்தையார் ஒன்றுங் கூறாமல் தொலைபேசியை வைத்துவிட்டார். நாங்கள் மாற்றிக்கொள்ளப் போகவில்லை.

யான் இக்கட்டுரையிற் கூறக் கருதியது அந்த ஒரு சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. கடையில் உயிர்களுக்கு நேரும் துன்பத்துக்கு அடிப்படை, விற்பவரின் கொடுமையன்று, கணக்கு. உயிரைச் சரக்காக எழுதினவுடனே, அதன் சாவும் ஒரு செலவாகப் பதியப்படும். பராமரிப்பு அச்செலவைவிட அதிகமாகும்போது, சாவையே தேர்ந்துகொள்வது வாணிக நியாயமாகிவிடும். தியாகராய நகரில் நகை வாங்கினோர் யாவரும் ‘செய்கூலி, சேதாரம்’ என்னுஞ் சொற்களை அறிவர். பொன்னை உருக்கும்போது சிறிது குறையும். அதனையும் விலையிற் சேர்ப்பர். பிராணி வாணிகத்திலும் சேதாரம் உண்டு. அது பெட்டிக்குள்ளே உயிரோடு வந்தது என்பதே வேற்றுமை. மீன்களைப் பையிலிட்டு வெளியூருக்கு அனுப்புவோர், வழியில் இறப்பன இத்தனையென்று முன்னரே மதித்து எண்ணிக்கையைக் கூட்டி வைப்பதுண்டு. ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸின் விலை சில நூறு ரூபாய். மருத்துவரிடம் அவற்றை ஒருமுறை காட்டுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவே செல்லும். நோயுற்ற பறவையைக் கடைக்காரர் எடுத்துச் செல்வாரென்று எவ்வாறு எதிர்பார்ப்பது?

நம் கல்லூரிக் காலை வழிபாட்டிற் படிக்கப்படும் நற்செய்தி நூல்களில், குருவியின் விலை இரண்டிடத்தில் வருகின்றது. மத்தேயு எழுதியபடி ஒரு காசுக்கு இரண்டு; லூக்கா எழுதியபடி இரண்டு காசுக்கு ஐந்து. கூட்டிப் பார்த்தால் ஐந்தாவது குருவி கொசுறு. எருசலேம் சந்தைக்காரரும் பிராட்வேச் சந்தைக்காரரும் ஒரே பள்ளியிற் பயின்றவர்களே! விலையேயில்லாத அந்த ஐந்தாவது குருவியும் இறைவன் நினைவிற்கு வெளியே இல்லை என்பது அவ்விடத்துப் போதனை. இதனைப் பலமுறை கேட்டும், கொசுறு என்பதை யான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

பறவைகளைப் பற்றிச் சிறிது கூறுவேன். மயிலாப்பூர் என்னும் பெயரே பறவையால் வந்தது; உமையம்மை மயிலுருக்கொண்டு புன்னையின் கீழ் இறைவனை வழிபட்டாள் என்பது கபாலீச்சுரத்தின் தலவரலாறு. அக்கோயிலைச் சுற்றிய வீதிகளிலே, சிறகு கத்தரிக்கப்பட்ட கிளி கூண்டினின்று வெளிவந்து, சீட்டொன்றை அலகாற் கவ்வி, ஒரு நெல்லைப் பெற்றுக்கொண்டு தானே திரும்பிக் கூண்டுக்குள் புகுவதை நம்முட் பலர் சிறுவயதில் வியந்து பார்த்திருக்கின்றோம். பச்சைக்கிளியை வளர்ப்பது தவறென்றே பலருக்குத் தெரியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்குச் செய்த திருத்தமும் நம் நாட்டுக் காட்டுப்பறவைகளின் வாணிகத்தைத் தடுத்துவிட்டன. கிளி, மைனா, முனியா யாவும் அதில் அடங்கும். கிளிக்குஞ்சுகள் மரப்பொந்துகளிலிருந்து, கண்திறந்தும் திறவாததுமான பருவத்தில் எடுக்கப்படுகின்றன. கோணியிலும் சிறு பெட்டியிலும் திணித்துக் கொண்டுவருகையில் பல மூச்சடைத்து மாள்கின்றன. கூண்டிற் காணும் ஒரு கிளிக்குப் பின்னே, காணாத கிளிகள் பல உள. சிறகோடு கூடிய கிளியைக் காண விரும்புவோருக்கு ராயப்பேட்டையில் ஒரு காட்சி இருந்தது. அங்கே காமிரா பழுதுபார்க்கும் ஒருவர் பல ஆண்டுகள் தம் மாடியில் பலகையிட்டு ஊறவைத்த அரிசி பரப்ப, மாலைதோறும் ஆயிரக்கணக்கிற் பச்சைக்கிளிகள் வந்து உண்டு சென்றன. அவற்றுள் ஒன்றையேனும் அவர் பிடித்ததில்லை. ஒன்றேனும் அவருக்குச் சீட்டெடுத்துக் கொடுத்ததுமில்லை!

கடைகளில் சட்டப்படி விற்கப்படுவன அயல்நாட்டுப் பறவைகள். நம்மவர் லவ் பேர்ட்ஸ் என்றழைப்பவை உண்மையில் ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் பெருங்கூட்டமாய்ப் பல மைல் பறந்து திரியும் பட்ஜெரிகர்கள். ஒரு முழக் கூண்டில் இருபதை அடைத்து வைப்பதைப் பார்த்து, “எவ்வளவு கூடிக் குலாவுகின்றன!” என்று மகிழ்கின்றோம்.

மீனைப் பற்றிய துன்பம் பெரும்பாலும் அறியாமையால் வருவது. தொட்டியில் மீன் கழிப்பது அம்மோனியாவாகும்; அது மீனுக்கு நஞ்சு. சிலவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். புதிய தொட்டியில் அந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்குச் சில வாரம் வேண்டும். கடையிலோ தொட்டியையும் மீனையும் ஒரே பில்லில் கட்டித் தருகின்றனர். பத்து நாளில் மீன் இறக்கும். “கண்பட்டுவிட்டது” என்று வீட்டிற் சொல்வார்கள். மறுபடியும் மீன் வாங்குவார்கள். சிவந்த காதுக்கோடுடைய ஆமைக்குஞ்சு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியதாய்க் கடைத்தொட்டியில் நீந்தும். அமெரிக்க நாட்டு இனமாகிய அது ஓரடி வரையில் வளரும், முப்பதாண்டுக்கு மேலும் வாழும் என்பதை வாங்கும் சிறுவனிடம் உரைப்பாரில்லை. பெரிதானபின் கோயிற்குளத்தில் விட்டால் புண்ணியமென்று கருதுவாரும் உளர். குளத்திலுள்ள நம் நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் அது கவர்ந்துகொள்ளும். தெருவோரக் கூடைகளிலே சிவப்பும் நீலமுமாய்ச் சாயம் பூசி விற்கும் கோழிக்குஞ்சுகள், முட்டைக்கோழிப் பண்ணைகளில் ஆணாய்ப் பிறந்த குற்றத்துக்காக விலக்கப்பட்டவை. அவற்றை இத்தோடு நிறுத்துகின்றேன். சொல்லப் புகுந்தால் அது தனிக் கட்டுரையாகும்.

இனிச் சட்டத்தைப் பற்றி நோக்குவாம். இதில் தென்சென்னைக்கு ஓர் உரிமையுண்டு. விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் பொருட்டு ஆங்கிலேயர் 1890இல் ஒரு சட்டம் செய்திருந்தனர். அது நகர எல்லைகளுக்கப்பால் பெரிதும் பயன்படவில்லை. அடையாற்றில் 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், 1952இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பெற்றார். நாட்டியத்தைப் பற்றிப் பேசுவாரென்று எதிர்பார்த்த அவையில், அவர் தாமே விலங்குவதைத் தடுப்பு மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். பிரதமர் நேரு, அரசாங்கமே அத்தகைய சட்டத்தைக் கொணரும் என்று வாக்களிக்கவே, அம்மையார் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962இல் அமைந்த இந்திய விலங்குநல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். நாடு முழுவதற்குமான அவ்வாரியத்தின் தலைமை அலுவலகம் நெடுங்காலம் நம் நகரிலேயே இருந்தது. திருவான்மியூரிலிருந்து 2018இல் ஹரியானாவின் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது.

அச்சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படித்தால் வியப்புண்டாகும். நியாயமாக அசைவதற்கு இடமில்லாத கூண்டில் ஒரு விலங்கை அடைப்பது குற்றம். பட்டினியாலோ, தாகத்தாலோ, நெரிசலாலோ துன்புறும் விலங்கை விற்பனைக்கு வைப்பதே குற்றம். வேண்டுவனவெல்லாம் அங்கே எழுதப்பட்டுள்ளன. தண்டனையைப் படிக்கும்போது வியப்பு வேறு வகையாகிறது: முதற்குற்றத்துக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமலும் அபராதம். மணியின் விலையை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க. ஐம்பது ரூபாயும் ஒருவகைச் சேதாரமே என்று கணக்கெழுதிவிடலாம்.

கடைகளுக்கென்றே தனி விதிகள் 2018 செப்டம்பரில் வெளிவந்தன. அவற்றின்படி, மாநில விலங்குநல வாரியத்திற் பதிவுபெறாமல் ஒருவரும் வளர்ப்புப் பிராணிக் கடை நடத்தலாகாது. விற்றவற்றுக்குப் பதிவேடு வைத்து ஆண்டுதோறும் வாரியத்துக்கு அறிக்கை அனுப்பவேண்டும். பதிவேடு என்பது உலர்ந்த செய்தியாகத் தோன்றலாம். எனக்கோ, இவ்விதிகளுள் உயிர்நாடியானது அதுவே என்று தோன்றுகிறது. வந்தன எத்தனை, விற்றன எத்தனை என்று நேர்மையாக எழுதப்படுமாயின், கழித்தல் தெரிந்த எவரும் எஞ்சியவற்றைப் பற்றி வினவலாம்.

2020 மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது இவ்வாணிகத்தின் உள்ளிருப்பு ஒருகணம் வெளிப்பட்டது. துணிக்கடையைப் பூட்டினால் துணி அப்படியே இருக்கும். பிராணிக் கடையைப் பூட்டிவிட்டுப் போனோர் திரும்பிவர இயலாமற்போயிற்று. மும்பையின் கிராஃபோர்டு மார்க்கெட்டில் அடைபட்டுக் கிடந்த உயிர்களைத் தொண்டர்கள் சென்று மீட்கவேண்டியதாயிற்று. ஊரடங்கு அரிதாய் வருவது என்பர். ஆனால், ஒவ்வோர் இரவும் அக்கடைகளுக்கு ஒரு சிறு ஊரடங்குதான். வெப்பம் 40 பாகையைத் தாண்டும் மே மாதத்தில், பகலெல்லாம் குளிரூட்டும் பொறி ஓடிய கடையை இரவில் அப்பொறியை நிறுத்திக் கதவிறக்கினால், உள்ளேயுள்ள பாரசீகப் பூனைக்கும் சைபீரிய ஹஸ்கிக்கும் யாது நேரும்? நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். மூக்குச் சப்பையான பக் இனத்துக்கு அவ்விரைப்பும் எளிதன்று. தொலைக்காட்சி விளம்பரமொன்றில் ஒரு பக் சிறுவனைப் பின்தொடர்ந்து சென்றதைப் பார்த்து இந்நகரில் அவ்வினத்தை விரும்பி வாங்கியோர் பலர். அதன் மூச்சுத் திணறலைக் குறட்டையென்று எண்ணி இன்றும் சிரிப்போர் பலர்.

பிற நாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் இடைத்தரகர் வாணிகமாக விற்றல் கூடாது. வாங்குவோர் வளர்த்தவரிடமே சென்று, குட்டியைத் தாயோடு காணவேண்டும். லூசி என்னும் நாயின் பெயரால் அச்சட்டம் வழங்குகிறது; ஓயாது ஈனச்செய்யப்பட்டு நலிந்து, 2013இல் ஒரு பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட நாய் அது. பிரான்சில் 2021இல் இயற்றிய சட்டப்படி, 2024 தொடக்கம் முதல் கடைகளில் நாயும் பூனையும் விற்பதில்லை. தாயைக் காட்டு என்னும் அந்த ஒரு நிபந்தனையின் ஆற்றலைக் கருதுக. எங்கள் மணியின் தாய் எங்கே இருந்தது, எத்தனை முறை ஈன்றது, அதற்கு வெயில் படுமா என்பன எங்களுக்குத் தெரியா, நாங்கள் கேட்கவுமில்லை.

நம் நாட்டிலும் கடைவிற்பனையை முற்றிலும் தடுத்துவிட்டால் என்ன என்பார்க்கு ஒரு தடை கூறவேண்டும். கடையை மூடினால் வாணிகம் கைப்பேசிக்குள் புகும். முகவரியில்லாத ஒருவர் இரவில் பஸ் நிலையத்தருகே கூடையொன்றைக் கொடுத்துப் பணம் பெற்றுச் செல்வார். இப்பொழுதே அவ்வாறு நடக்கிறது. கடைக்காவது ஒரு கதவுண்டு. அதனைத் தட்டி உள்ளே புக அதிகாரிக்கு இயலும். கடைகளிலும் உயிர்களைப் பரிவோடு பேணுவோர் இல்லாமலில்லை. காலை முதல் இரவு வரை கூண்டு கழுவும் பையன்களின் கூலியும் நாம் அறிந்ததே. ஆயினும், நாயையும் பூனையையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பதற்கு நியாயம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. மீன் தொட்டியும் தீனியும் கழுத்துப்பட்டையும் விற்றே பெரிய கடைகள் நன்கு வாழமுடியும்.

இரக்கத்தாற் செய்யும் பிழையொன்றையும் சொல்லாமல் விடலாகாது. மூலையில் நடுங்கிக் கிடக்கும் குட்டியைக் கண்டு, “இதனையாவது காப்பாற்றுவோம்” என்று விலைகொடுத்து வாங்குவோர் நல்லவர்கள். என் தங்கையின் தோழியொருத்தி அவ்வாறே ஒரு முயலை வாங்கிவந்தாள். கடையின் கணக்கிலோ இரக்கத்தால் வந்த பணமும் ஆசையால் வந்த பணமும் ஒரே பத்தியில் எழுதப்படும். நலிந்த குட்டியும் விலைபோகும் என்று அறிந்தபின், அதனைத் தேற்றுவதற்குச் செலவிடுவார் யார்? அந்த இடத்தில் செய்யத்தக்கது, கடையின் பதிவுச் சான்றைக் காட்டும்படி கேட்பதும், காட்டாவிடில் நாளும் இடமும் குறித்து, புகைப்படத்தோடு மாநில விலங்குநல வாரியத்துக்கு எழுதுவதுமே. குட்டியை விட்டுவிட்டு வருதல் எளிதன்று என்பதை அறிவேன்.

நாய் வேண்டுவோருக்கு விலையில்லா வழியும் நம் பக்கத்திலேயே உளது. காப்டன் சுந்தரமும் அவர் குடும்பத்தாரும் தியாகராய நகரில் தம் இல்லத்தில் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் சங்கம், இன்று கிண்டியை அடுத்த வேளச்சேரிச் சாலையில் பெரிய காப்பகமாய் நிற்கிறது. அங்கே தெருவிற் பிறந்த குட்டிகளோடு, ஆயிரக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிப் பின்னர்க் கைவிடப்பட்ட உயர்ந்த இன நாய்களும் வந்து சேர்கின்றன. அடையாற்றிலே பிரம்மஞான சபையின் தோட்டத்திலுள்ள பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகமும் இத்தகைய தொண்டே புரிந்துவருகின்றது.

மணி இறந்த எட்டாம் மாதம் நாங்கள் ஒரு காப்பகத்துக்குச் சென்றோம். விண்ணப்பத்தாளில் வீடு சொந்தமா, பகலில் யார் இருப்பர், வெளியூர் செல்லும்போது யாரிடம் விடுவீர்கள் என்று பல வினாக்கள் இருந்தன. கடையில் ஒருவரும் இவற்றைக் கேட்டதில்லை என்று தந்தையார் சொன்னார். தங்கை பழுப்பு நிறப் பெண்குட்டியொன்றைத் தேர்ந்தாள். காது ஒன்று நிமிர்ந்தும் ஒன்று மடிந்தும் இருக்கும். அதற்கு அப்பொழுது வயது மூன்று மாதத்துக்கு மேல். ஊசிகள் முறையாகப் போடப்பட்டிருந்தன. இப்பொழுது அது எங்கள் வாயிற்படியில் படுத்துக்கொண்டு, பால்காரர் வரும்போது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறது.